முடித்தவர்கள் ஒன்பது பேர்

பொலிவியாவின் ஒருரோ நகரில், எங்கள் கல்லூரியின் சுரங்கப் பொறியியல் துறை ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் சத்துர்னினா சோக்கே. உலையை மூட்டுவதும், தாது உருக்கும் மண் கிண்ணங்களான மூசைகளைத் துடைத்து அடுக்குவதும், மாணவர்கள் எதையாவது உடைத்தால் திட்டிக் கையெழுத்து வாங்குவதும் அவர் வேலை. நான் அதே கட்டடத்தில் பதிவேடு எழுதுகிறவள். பத்தொன்பது ஆண்டுகளாகக் காலையில் இருவரும் வாசல் கடையில் ஊதாச் சோளக் கஞ்சியைச் சுடச்சுடக் குடித்துவிட்டுத்தான் மாடியேறுவோம்.

நவம்பரில் ஒரு நாள் மட்டும் அவருக்கு வேறு வேலை. பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் அன்று கல்லூரியைப் பார்க்க வருவார்கள். துறைத்தலைவர் அவரை முன்னால் நிறுத்தி, "இவங்கதான் நம்ம துறையில சேர்ந்த முதல் பொண்ணு, நம்ம இஞ்சினியர்!" என்பார். சேர்ந்தது உண்மை. நான்காம் ஆண்டில் விட்டுவிட்டுப் போனதைத் தலைவர் சொல்லமாட்டார். சத்துர்னினாவும் வாயைத் திறக்கமாட்டார். ஆண்டு முழுக்க "அந்த மூசையை எடு" என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது.

ஓராண்டு அப்படி வந்தவள் நொயெமி. லயாகுவா என்ற சுரங்க ஊரிலிருந்து அப்பாவோடு பேருந்தில் வந்திருந்தாள். கையில் ஒரு நோட்டு. ஒருரோ, லா பாஸ், கோச்சபம்பா என்று மூன்று ஊர்க் கல்லூரிகளின் பெயர்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே கேள்விகள்.

"இஞ்சினியரம்மா, இங்க சேர்ற பொண்ணுங்கள்ல எத்தன பேர் முடிக்கிறாங்க?"

"நெறைய பேரும்மா."

"சுரங்கத்துக்குள்ள எங்களையும் கூட்டிட்டுப் போவாங்களா? எங்க ஊர்ல பொம்பள காலு வெச்சா தாது ஒளிஞ்சுக்கும்னு சொல்றாங்க."

தலைவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். சத்துர்னினா அவரை ஒரு தரம் பார்த்தார். "அதெல்லாம் அந்தக் காலம். இங்க எல்லாரையும் ஒண்ணாத்தான் நடத்துவாங்க. நானே இங்க படிச்சவதானே!"

நொயெமி மற்ற இரண்டு பெயர்களையும் அங்கேயே அடித்துவிட்டாள். அவள் அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு சத்துர்னினாவின் கையைப் பிடித்து, "உங்கள நம்பித்தாம்மா விட்டுட்டுப் போறேன்" என்றார்.

அவளுடைய இரண்டாம் ஆண்டில் சுரங்கத்துக்குக் களப்பயணம் வந்தது. திரும்பி வந்த அன்று பிற்பகல், கல் மாதிரிகளைக் கொண்டுவந்து வைக்க எல்லாரும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். நான் பெயர்ப் பட்டியலோடு அங்கே இருந்தேன். பையன்களின் தலைக்கவசங்களில் சேறு அப்பியிருந்தது. நொயெமியின் கவசம் அப்போதுதான் கடையில் வாங்கியதுபோல இருந்தது. மற்றவர்கள் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"எங்களக் கூட்டிட்டுப் போன சாரத்தே சார் என்னைய மட்டும் வண்டியிலேயே உக்காந்து பைகளப் பாத்துக்கச் சொல்லிட்டார். அறிக்கைய யாரையாவது பாத்து எழுதிக்கவாம்."

சத்துர்னினா கல் மாதிரிகளைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு மூசையை எடுத்தார்.

"நீங்க படிக்கும்போது உள்ள போனீங்களா, இஞ்சினியரம்மா?"

"அப்படிக் கூப்பிடாதம்மா." கழுவிய மூசையையே அவர் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். "நான் முடிக்கல. மூணு தடவ என்னையும் வண்டியிலதான் உக்கார வெச்சாங்க. நாலாவது தடவ நான் போகல. அதுக்கப்புறம் வகுப்புக்கும் போகல."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"ஆமா."

நொயெமி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கவசத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அந்தப் பருவம் முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் கேட்டு என்னிடம்தான் வந்தாள். லா பாஸில் மறுபடியும் முதலாம் ஆண்டில் சேரவேண்டும். இரண்டு வருடம் வீண்.

அதன்பின் பல நாள் சத்துர்னினா கஞ்சிக் கடைக்கு வரவில்லை. ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"பசீலியா, பழைய பதிவேட்ட எடுடி. நான் சேர்ந்த வருஷத்துலேருந்து எத்தன பொண்ணுங்க வந்தாங்க, எத்தன பேர் முடிச்சாங்கன்னு பாக்கணும்."

"எதுக்குடி இப்ப? வேலைக்கு உலை வெச்சுக்காத."

"அந்த அப்பா என் கையப் பிடிச்சது போகமாட்டேங்குது."

முப்பத்தொரு பேர் சேர்ந்திருந்தார்கள். முடித்தவர்கள் ஒன்பது பேர்.

அடுத்த நவம்பரில் தலைவர் வழக்கம்போல "நம்ம இஞ்சினியர்" என்று ஆரம்பித்தார். சத்துர்னினா முன்னால் வந்து, தாளைப் பார்த்தே படித்தார். "நான் இஞ்சினியர் இல்ல. பாதியில விட்டவ. முப்பத்தொரு பொண்ணுங்கள்ல ஒன்பது பேர்தான் முடிச்சிருக்காங்க. களப்பயணத்துல எங்கள வண்டியில உக்கார வெப்பாங்க. இதுக்கு முன்ன வந்தவங்ககிட்ட நான் பொய் சொன்னேன்."

சில பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். சாரத்தே, "துறை சோறு போட்டு வளத்ததுக்கு நல்ல கைம்மாறு!" என்றார். அந்த நாளுக்குச் சத்துர்னினாவை இனிக் கூப்பிடுவதில்லை என்று அன்றே முடிவாயிற்று. ஒரு தாய் மட்டும் என்னிடம் வந்து, அந்த ஒன்பது பேரின் தொலைபேசி எண்கள் கிடைக்குமா என்று கேட்டாள்.

சத்துர்னினா விடுப்பு எடுத்துக்கொண்டு லா பாஸுக்குப் போனார். நொயெமி தேநீர் வாங்கிக் கொடுத்தாளாம். அங்கே முதல் வாரமே ஒரு பெண் பேராசிரியர் தன்னைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனதைச் சொன்னாளாம். இவர் மன்னிப்புக் கேட்டபோது மட்டும் அவள் பேச்சை மாற்றிவிட்டாளாம். "நான் என்ன எதிர்பார்த்தேன்னே தெரியலடி. வெக்கமா இருந்துச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்" என்றார்.

இப்போது ஆய்வுக்கூடக் கதவின் உட்பக்கம், ஒப்புதல் கேட்டு வாங்கிய அந்த ஒன்பது பேரின் எண்கள் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. விசாரித்து வரும் பெண்களிடம், "என்னைய நம்பாதீங்க. இவங்கள்ல யாருக்காவது ஃபோன் போட்டுக் கேளுங்க" என்கிறார்.

சென்ற மாதம் அவருடைய கைபேசிக்கு நொயெமியின் செய்தி வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "கதவுல ஒட்டின பட்டியலப் பத்திக் கேள்விப்பட்டேன். என் நம்பரையும் போடுங்க. விட்டுட்டுப் போனவங்களும் பேசணும்." சத்துர்னினா கதவில் இருந்த தாளில் அந்த ஒன்பது பேருக்கும் கீழே ஒரு கோடு போட்டு, "பாதியில் விட்டவர்கள்" என்று எழுதி, தன் பெயரை முதலில் எழுதினார். அதற்குக் கீழே நொயெமியின் பெயரை எழுதினார்.