லிஸ்டில் என் பேர் இருக்கா?

ஃபுட்பாலில் ஸ்டாப்பர் வேலை மாதிரி நன்றி கெட்ட வேலை கிடையாது. தொண்ணூறு நிமிஷம் கோல்கீப்பருக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுத்துக் காப்பாற்றினால் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை சொதப்பினால் எங்கள் பெங்களூர் மர்பி டவுனில் மீன் வாங்கக்கூடப் போக முடியாது. ஆபீஸில் அடுத்தவன் தப்பைத் திருத்தியே காலம் தள்ளுகிறவர்களே, வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவுகிறவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி.

வாரம் முழுக்க பொம்மசந்திரா ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் ஏரியா கிளப்பின் அஞ்சாம் நம்பர். பத்தொன்பது வருஷமாக அதே கிளப், அதே நம்பர். இப்போது வயது நாற்பது, இடது முட்டிக்கு அறுபது. அதனால் கொஞ்ச வருஷமாகவே எனக்கு ஒரே திகில்தான்: சீசன் ஆரம்பத்தில் செக்ரட்டரி ஏழுமலை அண்ணன் வாசிக்கிற லிஸ்டில் என் பேர் வருமா, வராதா?

கையெழுத்து நாள்

இந்த சீசன் எந்த கிளப்புக்கு ஆடுகிறோம் என்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட ஒரு கடைசி நாள் உண்டு. அன்றைக்கு நல்ல ஆட்டக்காரர்களை வேறு கிளப்காரன் தள்ளிக்கொண்டு போய்விடாமல் காவல் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமான புதிதில் எனக்கும் ஒரு பெரிய கிளப் ஆசை காட்டியது. வேலை வாங்கித் தருகிறோம் என்றார்கள். நிஜமாகவே சபலம்தான், பொய் சொல்வானேன்!

விஷயம் தெரிந்து ஏழுமலை அண்ணன் காலை எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பாத்ரூம் போனால்கூட எழுந்து வாசல் பக்கம் நின்றார். இட்லி, டீ, சாப்பாடு, மறுபடி டீ. சாயங்காலம் என் மனைவி கலாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணா, நீங்க தைரியமா வீட்டுக்குப் போங்க. என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே மேட்ச் இருக்குன்னு பஜ்ஜிய பாதியில வெச்சிட்டு ஓடுன ஆளு இவரு. இவராவது வேற கிளப்புக்குப் போறதாவது!"

கை தூக்குகிற வியாதி

ஸ்டாப்பர்கள் எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு. எதிர் டீம்காரன் எவனாவது முதுகுக்குப் பின்னால் நழுவி ஓடினால், லைன்ஸ்மேனிடம் ஆஃப்சைடு கொடி கேட்டு வலது கை தானாக மேலே போய்விடும். மூளைக்கே அப்புறம்தான் தெரியும்.

எங்கள் கோல்கீப்பர் ஸ்டீபனுக்கு காக்ஸ் டவுன் சர்ச்சில் கல்யாணம். நான் ஓரமாக நின்றிருந்தேன். "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று பாஸ்டர் கேட்ட அதே நேரம், லேட்டாக வந்த போட்டோகிராபர் என் பின்னால் விருட்டென்று ஓடினான். என் கை மேலே போய்விட்டது. சர்ச் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அப்பாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. எனக்கோ கையை இறக்கவும் தெரியவில்லை. ஸ்டீபன் மட்டும் அசரவே இல்லை.

"அவன் கெடக்குறான் பாஸ்டர். லைன்ஸ்மேன் கொடியே தூக்கல, நீங்க நடத்துங்க."

போன சீசன் கடைசி மேட்ச்

டிரா செய்தால் டிவிஷனில் இருப்போம், தோற்றால் கீழே போவோம். எழுபதாவது நிமிஷம் உயரமாக ஒரு பந்து வந்தது. ஸ்டீபன் பின்னால் இருக்கிறான் என்று நம்பி, தலையால் அவனுக்குத் தள்ளினேன். அவன் அதே பந்தைப் பிடிக்க என் பக்கத்திலேயே வந்து நின்றிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தோம், பந்து அழகாக எங்கள் கோலுக்குள் உருண்டு போனது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷ மானமும் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

கடைசி நிமிஷத்தில் ஃபார்வர்ட் பாபு ஒன்று அடித்துக் காப்பாற்றினான். நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்:

"ரெண்டு கோலும் நம்மாளுங்க தாண்ணா போட்டோம். அப்புறம் எப்படி மேட்ச் டிரா ஆச்சு?"

இந்த வருஷ லிஸ்ட்

ஏழுமலை அண்ணன் எப்போதும் ஜெர்சி நம்பர் வரிசையில்தான் வாசிப்பார். கிளப் ரூமில் கேரம் போர்டைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தோம். ஒன்று, ஸ்டீபன். இரண்டு, மூன்று, நான்கு. "அஞ்சு, தினகரன்." கோலார் தங்கவயலில் இருந்து ரயிலில் வந்து ஆடுகிற புது ஸ்டாப்பர். நல்ல ஆட்டக்காரன், குறை சொல்ல முடியாது. கடைசிப் பேர் வரை காது கொடுத்துக் கேட்டேன். என் பேர் வரவில்லை. அண்ணன் சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டார்.

தினகரனுக்குக் கை கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செருப்பைத் தேடும்போது ஸ்டீபன் குரல் கேட்டது: "அண்ணா, இருபது பேர் வேணும். பத்தொன்பதுதான் படிச்சீங்க." அண்ணன் என்னைப் பார்த்தார், கையில் இருந்த பையைப் பார்த்தார். அவருக்கு வந்ததே கோபம்!

"டேய், எங்கடா கெளம்பிட்ட? கடைக்குப் போறவன் அரிசி, பருப்பு, எண்ணெய்னு தான்டா சீட்டு எழுதுவான். திரும்ப வீட்டுக்கு வரணும்னு எவனாச்சும் எழுதி வெச்சுக்குவானா?"

ஆக, பத்தொன்பது வருஷம் கிளப்புக்குக் காவல் நின்றதற்கு எனக்குக் கிடைத்தது இருபதாம் நம்பர் ஜெர்சியும் பெஞ்சில் ஓர இடமும்தான், அதுவும் வெயில் அடிக்கிற ஓரம்.