தம்பி தந்த செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளைச் செவிலித்தாய் என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார்கள். ஞாயிறென்றும் பாராமல் வந்து, தட்டுகளில் வளரும் மனித ஸ்டெம் செல்களுக்குப் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுவாள்.

ஒரு வரிசைத் தட்டுகள் அவள் தம்பியுடையவை. பிறவியிலேயே அவனுக்கு ரத்தத்தில் கோளாறு. மாதாமாதம் அடுத்தவர் ரத்தம் ஏற்றித்தான் நடமாடினான். "வாங்கியே பழகிட்டேன்க்கா. ஒரு தடவ குடுத்துப் பாக்கறேனே" என்று சிரித்தபடி ஆராய்ச்சிக்குக் கையை நீட்டினான். கிள்ளியெடுத்த தோலிலிருந்து, ரத்தமாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களை உருவாக்கினார்கள்.

நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையை வெட்டுவது பெரிய காரியமில்லை. சரியாக ஒட்டவைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். வெட்டுப்பட்ட செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பிழைத்தவையும் ஏனோதானோவென்று ஒட்டுப்போட்டுக்கொண்டன.

"என் வாரிசுங்க எப்படி இருக்காங்க?" என்பான் தம்பி.

"உன்ன மாதிரிதான். சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

வெட்டிய கையோடு தட்டுகளைக் கொஞ்சம் குளிர்ச்சியில் வைத்துப் பார்க்கலாம் என்றார் தலைமை ஆய்வாளர். அந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே தம்பி போய்விட்டான். ஏற்றிய ரத்தத்தின் இரும்பெல்லாம் இதயத்தில் படிந்திருந்தது.

காரியங்கள் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரம் முடிவு வந்தது. முன்பு அரிதாகக் கண்ட திருத்தம் இப்போது பாதிக்கு மேற்பட்ட செல்களில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். பிறகு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா கேட்டாள்: "அவனோடது அங்க இன்னும் உயிரோட இருக்காமே. எனக்கு ஒரு தடவ காட்டு."

ஆய்வாளர் அனுமதித்தார். அம்மா நுண்ணோக்கியில் வெகுநேரம் கண்ணை வைத்திருந்தாள்.

"இதுல நோய் இல்லையா?"

"இல்லம்மா. சரியாயிடுச்சு."

"அவனுக்கு இத ஏத்தியிருந்தா..."

"இதெல்லாம் மனுஷங்களுக்கு வர இன்னும் வருஷக்கணக்காகும்மா. அவனுக்கு எப்படியும் கிடைச்சிருக்காது."

சொன்னது உண்மைதான். ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று பட்டது.

"இந்தத் தட்டுகள வேற யார்கிட்டயாவது குடுத்திடட்டுமாம்மா?" என்று மறுநாள் அவளிடம் கேட்டார் ஆய்வாளர். அவள் விடமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"குடுத்திடுங்க சார்" என்றாள். "என்னால முடியல."

இப்போது யார் யாருடைய செல்களையோ பார்த்துக்கொள்கிறாள். தம்பியின் தட்டுகள் இருக்கும் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால் மட்டும் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிடுகிறாள்.