கோழி நேரத்தில் பிறந்தவள்

தைனானில் என் மீன் கஞ்சிக் கடைக்கு அடுத்த வீடுதான் பெக்ஹா வாழ வந்த வீடு. நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் கிடையாது. அதற்கும் சேர்த்து அவள் மாமியாருக்கு இருந்தது.

எங்கள் ஊரில் பெண் கேட்டு வருகிறவர்கள் முகம் பார்ப்பதற்கு முன் எட்டு எழுத்து பார்ப்பார்கள். பிறந்த வருடம், மாதம், நாள், நேரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து. அவற்றில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் எது தூக்கல், எது குறைச்சல் என்று ஜோசியர் சொல்வார். மாப்பிள்ளை தியாம்சியூ மர ஜாதகம். நேரங்களுக்கு எங்களிடம் மிருகப் பெயர்; பெக்ஹா பிறந்ததோ சாயங்காலக் கோழி நேரம், அது உலோகம். ஏற்கெனவே அவள் எழுத்துகளில் உலோகம் மண்டிக் கிடந்தது. உலோகம் மரத்தை வெட்டும் என்பது கணக்கு. கோடாலியை யார் மருமகளாக்குவார்கள்? அவள் அம்மா, ராத்திரிப் பன்றி நேரம் என்று மாற்றிச் சொன்னாள். அது நீர். மரத்துக்குத் தண்ணீர் வார்க்க வந்த மகராசி என்று மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

மகள் நடை பழகிய சமயத்தில் தியாம்சியூ நிமோனியாவில் படுத்தான். மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மாமியார் இருவர் எழுத்தையும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் பரிகாரம் கேட்கக் கிளம்பினாள். பெக்ஹா வெலவெலத்துப் போனாள். பொய் நேரத்துக்குச் செய்யும் பரிகாரம் எப்படிப் பலிக்கும்? உண்மையைச் சொன்னால் வீட்டில் இருக்க விடமாட்டார்கள். என்னிடம் வந்து அழுதாள். டாக்டர் பார்த்துக்கொள்வார், நீ வாயை மூடிக்கொண்டு இரு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே?

"அத்தை, நான் பொறந்தது கோழி நேரம். சரியான நேரத்தச் சொல்லி அவரக் காப்பாத்துங்க."

கிழவி கத்தக்கூட இல்லை. "எம் புள்ளைய வெட்டிச் சாய்க்கிறது நீதானா? அப்புறம் பரிகாரம் எதுக்கு? நீ போனாப் போதும்."

குழந்தையை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். போனாள்.

அந்த வாரமே காய்ச்சல் இறங்கியது. பென்சிலின் ஊசி போட்ட டாக்டரைப் பற்றித் தெருவில் ஒருவரும் பேசவில்லை. அவள் போனாள், இவன் பிழைத்தான் என்றார்கள். தேறி வந்தவன் என் கடையில் உட்கார்ந்து வயிறாரக் கஞ்சி குடித்தான். அவள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் பொருத்தமான எழுத்தோடு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

காவ்ஷியுங்கில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் பெக்ஹா வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அவளாவது அவர்களை நாலு வார்த்தை திட்டட்டும் என்று ஆசை. அவன் பிழைத்தது ஊசியால்தான் என்று சொன்னேன்.

"இல்லக்கா, நான் கெளம்புன பெறகுதான காய்ச்சல் எறங்குச்சு? நல்ல வேளை, உண்மையச் சொல்லிட்டேன்."

மகள் பள்ளிக்கூடம் போகிறாள், ஒருமுறை வந்து தூரத்திலிருந்தாவது பார் என்று கூப்பிட்டேன். அவள் கை டப்பாவின் மேலேயே நின்றது.

"வேணாங்க்கா. அவளும் மர ஜாதகம். நான் விசாரிச்சேன்னுகூட அவகிட்டச் சொல்லிடாதீங்க."