ஈரலிடம் மறைக்க முடியவில்லை

இதயத்தில் வால்வு மாற்றிய நாள் முதல், இரத்தம் கட்டிப்படாமல் இருக்க அப்பா ஒரு குளிசை குடித்துவந்தார். அதற்காக வெள்ளவத்தையில் ஒரு டொக்டரை, முன்கூட்டியே காசு கட்டி நம்பர் எடுத்து, சனல் பண்ணுவோம். எனக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அவர் பெரியப்பா. கொழும்பு நிறைய டொக்டர்மார் இருந்தாலும் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த டொக்டர்தான் வேண்டும். அந்தத் தெரிந்த முகம்தான் எங்களைக் கெடுத்தது.

இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். அளவைக் கூட்டியும் குளிசை கேட்கவில்லை.

"கீரை கூடச் சாப்பிடுறீங்களோ? வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?"

"வேற ஒண்டும் இல்லை," என்றார் அப்பா. பக்கத்தில் இருந்த நானும் நம்பினேன்.

கீரை அந்தக் குளிசையை முறிக்குமாம். அன்றிலிருந்து எங்கள் குசினியில் கீரைக்குத் தடை. வல்லாரைச் சம்பலும் போயிற்று. அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஒரு காலை அப்பாவின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை விழுந்தது. வலது பக்கம் இழுத்து, பேச்சும் நின்றுவிட்டது. வார்ட்டில் இளம் டொக்டர் ஒருத்தி சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தாள். செம்மஞ்சளாக இருந்தது. டீபிக்கு மருந்து குடிக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டாள். இல்லை என்றேன். அம்மா அழத் தொடங்கினாள்.

"ஓம், குடிக்கிறவர். இதய டொக்டரிட்டயும் கட்டாயம் சொல்லுங்கோ எண்டு கிளினிக்கில சொன்னவை. உன்ர சம்பந்தம் குழம்பிப்போகும் எண்டு இவர்தான் ஆருக்கும் சொல்ல விடேல்லை."

டொக்டர் விளங்கப்படுத்தினாள். சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் அந்த டீபி மருந்து ஈரலையும் முடுக்கிவிடுமாம். அங்கே நொதிகள் பெருகி, மற்றக் குளிசை வேலை செய்யுமுன்பே அதை உடைத்துத் தள்ளிவிடுமாம். தெரிந்திருந்தால் அடிக்கடி இரத்தம் பார்த்து, தேவையான அளவுக்கு ஏற்றியிருப்பார்கள். வால்வில் கட்டிய இரத்தம் மூளைக்குப் போயிராது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அசையாமல் கிடந்த மனிதர் மேல்தான் வந்தது.

கதை வெளியே வந்ததும் கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா அப்பிள் பழங்களோடு வந்தார். கட்டிலருகே இருந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

"இதையோ அண்ணை மறைச்சனீங்கள்? எங்கட வீட்டிலயும் என்ர மனுசனுக்கு வந்ததுதானே. ஆறு மாசம் குளிசை குடிச்சார், மாறீட்டுது."

அப்பா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எச்சில்தான் வழிந்தது. துடைத்துவிட்டேன். இனிப் பேச்சு வராது என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.