சாச்சியைப் பிடித்த ஜேர்மன்காரர்கள்

என் சாச்சியை ஜின் பிடித்தது, மாரி வெள்ளாமை வெட்டி முடிந்து வயல்களில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்த நாட்களில். எனக்கு ஏழு வயது. பட்டப்பகல். கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வாளி கவிழ்ந்து தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடியது. கண்கள் திறந்தே இருந்தன, ஆனால் இமைக்கவில்லை. உம்மா ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கியபோது, சாச்சியின் வாயிலிருந்து ஆணுமில்லாத பெண்ணுமில்லாத ஒரு தட்டையான குரல் வந்தது. அது ஒரு பெயரைச் சொன்னது. அந்தப் பெயரை எங்கள் ஊரில் எவருக்கும் வைத்ததில்லை. பெயருக்குப் பின்னால் ஓர் எண். பிறகு இன்னொரு பெயர், இன்னொரு எண். அப்படியே போய்க்கொண்டிருந்தது.

சாச்சி உம்மாவின் தங்கை. உப்புக் கேட்பதென்றாலும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறவள். வாப்பா கட்டாரில் வேலை செய்ததால் எங்கள் வீட்டில் உம்மா, சாச்சி, எனக்கு மூத்தவனான காக்கா, நான் என்று நாலு பேர்தான். வீட்டு விஷயங்களைத் தீர்மானிக்கிறவர் உம்மாவின் மூத்த சகோதரரான மாமா. சாச்சிக்குச் சீதனமாகக் கொடுக்கவேண்டிய வீட்டை எங்கள் வளவிலேயே அவர் கட்டிக்கொண்டிருந்தார். சுவர்கள் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தன. சம்மாந்துறைப் பக்கத்து அரிசி மில்காரர் ஒருவர் மாப்பிள்ளை. வெட்டு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. மாப்பிள்ளையைப் பற்றிச் சாச்சியிடம் யாராவது கேட்டார்களா என்பது எனக்கு நினைவில்லை. கேட்டிருக்கமாட்டார்கள்.

அயல் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி இது ஒல்லாந்தர் காலத்தில் நமது கடலில் தாழ்ந்த கப்பல்காரனின் ஆவி என்றாள். இன்னொருத்தி, நமக்கு ஆவி கிடையாது, இது ஜின்தான், ஆனால் வெள்ளைக்கார ஜின் என்று திருத்தினாள். பெயர்களைக் கேட்டவர்கள் எல்லோருமே இது கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பதில் ஒத்துப்போனார்கள். அந்த மட்டில் அவர்கள் சொன்னது சரிதான்.

அடுத்த நாள் மாமா அக்கரைப்பற்றிலிருந்து ஓதிப் பார்க்கிற மௌலானா ஒருவரைக் கூட்டி வந்தார். மெலிந்த மனிதர், வாய் ஓயாமல் வெற்றிலை. ஹோலின் நடுவில் சாச்சியை இருத்தி, சாம்பிராணிப் புகை போட்டு, ஓதி ஊதினார். பிறகு அதட்டிக் கேட்டார்:

"நீ ஆரு? எத்தின பேர் வந்திரிக்கீங்க?"

சாச்சி முதல் பெயரைச் சொன்னாள். அதன் எண்ணையும் சொன்னாள். முந்நூற்று அறுபத்தைந்து.

மௌலானா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். இவன்தான் தலைவன், ஒரு வருஷம் முழுக்க இருக்கத் தவணை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான், மற்றவர்களுக்குத் தவணை குறைவு, அவர்களைக் கீழேயிருந்து ஒவ்வொருவராக இறக்கவேண்டும் என்று விளக்கினார். மாமா தலையாட்டினார். பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் வசனம் எழுதி, அதைக் கழுவிச் சாச்சிக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டு இரண்டாவது பெயரிலிருந்து தொடர்ந்தாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் ஒன்று தெரிந்தது. என் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அடுத்த பெயர் என்ன என்பது அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வளவின் பின்மதிலுக்கு அப்பால் கடற்கரை மணல். காக்காவும் கூட்டாளிகளும் அங்கேதான் பந்தடிப்பார்கள். அவர்களைப் பழக்கியவர் மருதமுனைப் பக்கத்து இளைஞர் ஒருவர். கோச் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஜேர்மனியின் முதற்தர உதைபந்தாட்டத்தில் அவருக்குப் பைத்தியம். பொடியன்களை மணலில் ஓடவிட்டு, அந்நாட்டில் எல்லாக் காலத்திலும் அதிக கோல் அடித்தவர்களின் பெயர்களை மேலிருந்து வரிசையாகக் கத்துவார், கோல் எண்ணிக்கையோடு. பொடியன்கள் திருப்பிக் கத்தவேண்டும். பிழைவிட்டால் இன்னொரு சுற்று ஓடவேண்டும். அந்த வரிசையில் பெரும்பாலானோர் எப்போதோ ஆடி ஓய்ந்தவர்கள், அவர்களுடைய எண்கள் மாறுவதில்லை. இன்னும் ஆடிக்கொண்டிருந்த ஒருவருடைய எண் மட்டும் கூடிக்கொண்டே போகும். மதிலுக்கு இந்தப் பக்கம் சாச்சி உடுப்புக் காயப்போட, நான் கிளிப் எடுத்துக் கொடுப்பேன். கோச் முந்திய வருஷம் ஜேர்மனிக்கே போய்விட்டார். பொடியன்கள் கத்துவதை மட்டும் நிறுத்தவில்லை.

உம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் நான் ஓடி, "இது ஜின் இல்ல உம்மா. இது கோல் அடிக்கிற ஆக்கள்" என்றேன்.

உம்மா காக்காவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி தலைநிமிராமல் சொன்னான்: "எனக்குத் தெரியா. அவ சொல்ற ஒரு பேரும் நான் கேட்டதில்ல."

முந்தாநாள் மாலைகூட அவன் தொண்டை கிழிய அந்தப் பெயர்களைக் கத்தியதை நான் கேட்டிருந்தேன். அன்று மாலை மதிலோரம் கல்லை அடுக்கி ஏறி எட்டிப் பார்த்தேன். பொடியன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமும் அலையும் மட்டும்தான். ஒவ்வொரு சுற்றிலும் மதிலைக் கடக்கும்போது காக்கா என் பக்கம் பார்க்காமலே ஓடினான். வைக்கோல் புகை கடல்வரை வந்து தாழ நின்றது. அதற்குள் போய் மறைந்து மறுபக்கம் வந்த அந்தப் பொடியன்களைப் பார்க்க, அவர்களில் யாரையுமே எனக்குத் தெரியாததுபோல் இருந்தது. அந்தப் பெயர்களை இதற்கு முன் எங்கே கேட்டேன் என்பது அப்போதிருந்து எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலானா மறுபடி வந்தார். அன்றோடு பாதிப் பேரை இறக்கிவிடுவேன் என்று மாமாவிடம் சொன்னாராம். புகை தொடங்கிய சற்று நேரத்தில் வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மாவும் இரண்டு பெண்களும். கதை சம்மாந்துறைக்கு எட்டிவிட்டிருந்தது. மாமாவுக்கு அவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை, உள்ளே விடவும் முடியவில்லை. அவர்களாகவே வந்து சுவரோரம் நின்றார்கள்.

சாச்சி மேலிருந்து தொடங்கினாள். நான் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயை மூடிக்கொண்டிருக்க முயன்றது நினைவிருக்கிறது. பிறகு யாரோ சின்னப்பிள்ளையின் குரலில் அந்தப் பெயர்களைச் சொல்வது கேட்டது. அது நான்தான் என்பது, எல்லோரும் என் பக்கம் திரும்பிய பிறகே எனக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. இரண்டு குரல்களும் ஒன்றாகவே போயின. இன்னும் ஆடிக்கொண்டிருந்தவரின் பெயர் வந்தது. அவருடைய எண்ணை நான் பிழையில்லாமல் அறிவேன். ஆனால் சாச்சியின் வாயும் என் வாயும் சொன்ன எண்ணில் ஒன்று கூடியிருந்தது.

அந்த இடத்தில் சாச்சி நிறுத்திவிட்டாள். நான் மட்டும் மிச்சப் பெயர்களைச் சொல்லி முடித்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா "யா அல்லாஹ், புள்ளைக்கும் மாறிட்டு" என்று மெதுவாகச் சொன்னது ஹோல் முழுக்கக் கேட்டது. மௌலானா வெற்றிலையைத் துப்ப மறந்து நின்றார். வேன் திரும்பிப் போகும்போது மாமா வாசலில் நின்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி ஏறி மூடிக்கொண்டது. சம்பந்தம் அத்தோடு முறிந்தது. பீங்கான் கழுவிய தண்ணீரை எனக்கும் குடிக்கத் தந்தார்கள்.

மறுநாள் காலை காக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் ஜேர்மனியில் அந்த வாரப் போட்டி நடந்ததாம். இன்னும் ஆடுகிற அந்த ஆள் அதில் ஒரு கோல் அடித்தாராம்.

"நீங்க ரெண்டு பேரும் நேத்துப் பின்னேரமே சொன்னீங்களே. எப்பிடித் தெரியும்?"

சாச்சி சொன்னாள், நான் கூடவே சொன்னேன் என்றேன். மௌலானா பிறகு வரவில்லை. ஜின்கள் யாரும் இறக்காமலே இறங்கிப் போனார்கள். சாச்சி பழையபடி சமைத்தாள், துவைத்தாள், குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். ஜின் பிடித்த பெண்ணைக் கேட்டு எவரும் வரவில்லை. கட்டின சுவர்கள் ஜன்னல் உயரத்திலேயே நின்றன. அடுத்த வருஷம் ஜேர்மனியில் நிரந்தர விசா கிடைத்த கோச், தன் உம்மாவை அனுப்பிப் பெண் கேட்டார். எங்களுக்கு ஜின்னைப் பற்றிக் கவலை இல்லை என்று அந்தப் பெண்மணி சொன்னபோது மாமாவின் கண் கலங்கியது. இவ்வளவு பெரிய மனசா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இந்த வருஷம் நோன்புப் பெருநாளன்று சாச்சி ஜேர்மனியிலிருந்து வீடியோவில் வந்தாள். தனியாக இருந்தாள். நான் வளர்ந்துவிட்டேன் என்பதாலோ என்னவோ, அவளாகவே அந்தக் கதையை எடுத்தாள். ஜின்னும் இல்லை ஒன்றும் இல்லை, மில்காரரை வேண்டாம் என்று சொல்ல வேறு வழி தெரியவில்லை என்றாள். ஜின்னுக்கு ஒரு பாஷை வேண்டுமே, மதிலுக்கு மேலால் வந்து மனப்பாடமாகியிருந்த அந்தப் பெயர்களைத் தவிர வேறெந்தப் பாஷையும் தனக்குத் தெரியாதே என்று சிரித்தாள். பெயர்கள் தெரியாது என்று சொல்லவும் பொடியன்களைக் கத்தாமல் வைக்கவும் காக்காவிடம் சத்தியம் வாங்கியதும் அவள்தான். பாதிக்கு மேல் நான் ஏற்கெனவே ஊகித்திருந்தேன். நானும் சிரித்தேன்.

பிறகு கேட்டேன். எல்லாம் நடிப்பென்றால் அந்த எண் எப்படித் தெரிந்தது, போட்டி தொடங்கவே இல்லையே என்று.

சாச்சியின் சிரிப்பு நின்றது. திரையிலிருந்து முகத்தைச் சற்றுப் பின்னுக்கு எடுத்தாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும் மகள்? நான் பழைய நம்பரச் சொல்லத்தான் வாயெடுத்த. நீதான் முதல்ல சொன்ன. உன்ட வாயப் பார்த்துத்தான் நான் சொன்ன."

வேறெதையோ கதைத்து அழைப்பை முடித்தோம்.

சனிக்கிழமை நடந்த அந்த ஓதலுக்குப் பிறகு, கல்யாணமாகிப் போகும்வரை சாச்சி என்னைத் தன் பாயில் படுக்கவிடவே இல்லை. பிறந்ததிலிருந்து அவள் பக்கத்திலேயே தூங்கிப் பழகியவள் நான். அவளுக்குள் ஜின் இருந்ததால் என்னைக் காப்பாற்றத்தான் தள்ளி வைக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டு, அடுத்த அறையில் உம்மாவோடு படுத்து, சாச்சிக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டபடியே தூங்கிப்போனேன்.