இரண்டு வயலுக்கு ஒரே ஐடி

எங்கள் கமக்காரர் சங்கத்துக்குத் தண்ணீர் முறை காட்டும் இணையப் பக்கத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கிளிநொச்சியில் கொம்பியூட்டர் படித்த கொழுப்பு. யாருக்கு முறையோ அந்த வயலின் வரி பச்சையாகும். வாய்க்கால் பார்ப்பவர் அதைப் போனில் பார்த்து மடை திறப்பார்.

குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கும் சிறுபோகத்தில் ஒருநாள், காலைக் கூட்டத்தில் பதினோராம் வாய்க்காலின் முதலாம் காணிக்காரி எழுந்தார். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம்.

"ரெண்டு முறை போயிருச்சு, எனக்குத் தண்ணி வரல. பயிரு குடலையில நிக்குது. இனியும் காஞ்சா கதிரே வராது."

"கொம்பியூட்டர் பிழை விடாது, அக்கா. நீங்கள்தான் நாள் மாறிப் பாத்திருப்பியள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப ஒங்க வயலுக்கு மட்டும் எப்படி நாலு தரம் பாஞ்சுச்சு?"

சிரிப்பு நின்றது. வேலியே பயிரை மேயுது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார். காது சுட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து பக்கத்தின் நிரலைத் திறந்து மத்தியானம் தாண்டும்வரை தேடினேன். ஒவ்வொரு வயலின் வரிக்கும் ஐடி என்று ஓர் அடையாளப் பெயர் உண்டு; ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரு தடவைதான் வரலாம். நான் 'கே' என்ற எழுத்துக்குப் பின்னால் வாய்க்கால் இலக்கத்தையும் காணி இலக்கத்தையும் ஒட்டி ஐடி ஆக்கியிருந்தேன். அவருடையது பதினோராம் வாய்க்கால், முதலாம் காணி: கே111. எங்களுடையது முதலாம் வாய்க்கால், பதினோராம் காணி: அதுவும் கே111. முழுச் சங்கத்திலும் மோதியது இந்த இரண்டும்தான். பிரவுசர் முறைப்பாடு சொல்லாது. மேலிருந்து தேடி முதலில் அகப்பட்டதோடு நின்றுவிடும். மேலே இருந்தது எங்கள் வயல். அவருடைய முறையெல்லாம் எங்கள் வரியில் பச்சையாகியிருக்கிறது.

இலக்கங்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டேன். 11-1. 1-11. ஒரு நிமிட வேலை.

அப்பா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "தண்ணி ரெண்டு மடங்கா வந்தது உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"வந்த தண்ணியை ஆரும் வேண்டாமெண்டு சொல்லுவினமோ?"

எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அதில் பாதி என்மேல் வந்திருக்க வேண்டும்.

அன்று உண்மையாகவே எங்கள் முறைதான். நாலு மணிக்குக் குளத்தின் கதவைப் பூட்டிவிடுவார்கள். பிறகு பத்து நாளைக்குத் தண்ணீர் இல்லை. அப்போது மணி இரண்டரை. வாய்க்கால் பார்ப்பவருக்குப் போன் அடித்தேன்.

"எங்கட மடையை மூடிப்போட்டு பதினொண்டாம் வாய்க்காலுக்கு விடுங்கோ."

"கொப்பருக்குச் சம்மதமோ?"

"அப்பாவுக்குச் சம்மதமில்லை. நீங்கள் விடுங்கோ."

மோட்டார்சைக்கிளில் அவருடைய வயலுக்குப் போனேன். வெடித்துக் கிடந்தது. மூன்றரை வரை ஒரு சொட்டும் வரவில்லை. அவர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றார். பிறகு வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது.

"பிழை என்ரதான், அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"இத இந்த வரப்புல வச்சுச் சொல்றீங்க, தம்பி. என்னயப் பாத்து எல்லாரும் சிரிச்சது கூட்டத்துல."