சிவப்புப் பொட்டு வைத்த ஒயர்

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வாசல் சுவரில் மாட்டி, அதில் இரண்டே வரி எழுதியிருந்தாள்: ‘பெட்டியை மட்டும் கொண்டு வரவும். ஒயர், கீபோர்டு, மவுஸ் வேண்டாம்.’ பதினான்கு வருடத்தில் பெயின்ட் மங்கி மூன்று முறை புதுப்பித்தாயிற்று. வாசகம் மட்டும் மாறவில்லை.

அந்தத் தெருவில் அவளுக்கு ‘ஒண்ணொண்ணாக்கா’ என்று பெயர். யார் எவ்வளவு பதறிக்கொண்டு வந்தாலும், “இருங்க, ஒண்ணொண்ணா பார்ப்போம்” என்றுதான் ஆரம்பிப்பாள். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் விளையாட்டாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

தொழிலை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மின்சாதனக் கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். அங்கே மூலையில் செத்துக் கிடந்த கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து, காய்கறிக் கத்தியின் முனையால் திருகுகளைக் கழற்றினாள். அப்புறம் இன்னொரு செத்த பெட்டி கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதிலிருந்து ஒன்றைக் கழற்றி அதில் மாட்டிப் பார்த்தாள், அதிலிருந்து ஒன்றை இதில். ஏழாம் நாள் ஒரு பெட்டி எழுந்துகொண்டது.

அந்தத் தெருவில் பழுது பார்க்கிற அத்தனை பேரும் இப்படித்தான் பிழைக்கிறார்கள். சந்தேகப்பட்டதைக் கழற்று, நல்லதென்று தெரிந்ததை மாட்டு, ஓடவிட்டுப் பார். மற்றவர்கள் அவசரத்தில் மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமலே பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவளால் அது முடியாது. ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். அதையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்தது.

நல்லதென்று தெரிந்தது என்பதில் அவள் ரொம்பக் கறார். தன் சோதனைச் சாமான்கள் ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருப்பாள். பவர் ஒயர், கீபோர்டு, நினைவகப் பட்டையான ராம் எல்லாவற்றிலும் உண்டு. பொட்டு வைத்தது கடையில் இருந்தாலும் பையில் இருந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் ஒயரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுத் தன் ஒயரை மாட்டிய பிறகுதான் பெட்டியைத் தொடுவாள். அடுத்தவர் வீட்டுத் தூசியில் கிடந்த ஒயரை நம்பி எப்படி வேலை பார்ப்பது?

இப்பேர்ப்பட்டவளைத்தான் சொந்த அக்காவின் பெட்டி மூன்று வாரமாக முழி பிதுங்க வைத்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போன் மாட்டிக் கேட்டு அடிக்க வேண்டும். முழங்கால் தேய்ந்து மாடிப்படி இறங்க முடியாதவளுக்கு இதைவிட்டால் வேறு வேலை கிடைக்காது. மூன்று வாரத்தில் பதினோரு தடவை பெட்டி நடு வேலையில் அணைந்துபோயிற்று. அணைந்தால் அலுவலகத்தில் உடனே தெரிந்துவிடும். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் மரியாதையாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஒரே பதிவு, இடையில் ஒரு தடவை அறுந்தாலும் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

வந்த நோய் விசித்திரமானது. ப்ளக்கைப் பிடுங்கியது போலப் படக்கென்று அணையும். கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்காரும். முதல் வாரம் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி மேசையில் இரண்டு நாள் இரவு பகலாக ஓட்டினாள். ஒரு தடவைகூட அணையவில்லை. உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டுப் புதிது மாட்டி அனுப்பினாள். மறுநாளே அணைந்தது. சூடோ என்று காற்றாடியைத் துடைத்து, சிப்பின் மேல் சூடு கடத்தும் பசை தடவினாள். ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினாள். வீட்டுச் சுவரில் உள்ள ப்ளக்கில் மேசை விளக்கைச் சொருகி நாள் முழுக்க எரியவிட்டாள். அக்காவின் ஒயரைக்கூட விடவில்லை, இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். கம்பி அறுந்திருந்தால் மீட்டர் பேசாமல் இருக்கும். அது நன்றாகவே கூவியது.

அவள் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பெட்டி சமர்த்தாக இருக்கும். அவள் படியிறங்கினால் போதும்.

“உன் தங்கச்சி வந்தா இது மாமியாரைப் பார்த்த மருமக மாதிரி அடங்கி ஒடுங்கி உட்கார்ந்துக்குது” என்றார் மாமா. அக்காவின் கணவர். அவருக்குக் கிடங்கில் மதியத்துக்கு மேல்தான் வேலை, அதனால் காலைச் சமையல் அவர் பொறுப்பு. “பேசாம நீ இங்கயே குடிவந்துடு, டாக்டரம்மா. உனக்கு ரெண்டு வேளை சோறு போட்டுடறேன்.”

“நீங்க போடற சோத்துக்கு அவ பயந்துதான் ஓடறா” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதன்கிழமை கடைசியாகப் போனாள். வழக்கம்போலத் தன் ஒயரை மாட்டினாள், மூடியைத் திறந்து ராமை மறுபடி தேய்த்தாள், மூன்று மணி நேரம் தரையில் சம்மணம் போட்டுக் காத்திருந்தாள். அணையவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ்காரர் போன் செய்தார்: “அக்கா, தபால்காரர் தன் கம்ப்யூட்டரை வாங்க வந்து நிக்கறார். முகம் சரியில்ல. எங்கிட்டயே நாலு கேள்வி கேட்டுட்டார்.” அள்ளிக் கட்டிக்கொண்டு ஓடினாள். நோட்டில்கூட வழியில் பஸ்ஸில் வைத்துத்தான் எழுதினாள்.

தபால்காரரின் பெட்டியில் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. அவர் கண்ணெதிரே ஒரு தடவை ஓட்டிக் காட்டிக் கொடுத்தனுப்ப வேண்டியதுதான். பையிலிருந்து ஒயரை எடுத்து மாட்டினாள். பெட்டி எழுந்தது, அவர் மகளின் படம் திரையில் வந்தது, படக்கென்று அணைந்தது.

“உங்க அக்கா வீட்டுப் பெட்டி மாதிரியே இருக்கே” என்றார் எட்டிப் பார்த்த ஜெராக்ஸ்காரர். “தொத்து வியாதியாக்கா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தபால்காரரிடம் இரண்டு நாள் தவணை கேட்டு அனுப்பிவைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். “காலையிலேருந்து ஓடிட்டிருக்குடி. ஒரு விக்கல்கூட இல்ல. என்ன பண்ண?”

“ஒண்ணும் பண்ணலக்கா.”

“ஒண்ணும் பண்ணாமயா சரியாச்சு?”

“அதான் எனக்கும் தெரியல.”

“தெரியாட்டி என்ன. நாளைக்கு ஒரு மணி வரைக்கும் இப்படியே இருந்தா போதும்.”

அக்காவுக்குப் போதும். அவளுக்கு அது பயமாக இருந்தது. காரணம் தெரியாமல் போன பழுது, சொல்லாமல்தான் திரும்பி வரும். நோட்டைப் புரட்டினாள். புதன்: ராம் தேய்த்தது. அதையே முன்பும் இரண்டு தடவை செய்திருக்கிறாள், பலன் இல்லை. மூன்றாம் தடவை மட்டும் எப்படிப் பலிக்கும்?

இங்கே மேசையில் தபால்காரரின் பெட்டி அன்று மட்டும் நான்கு தடவை அணைந்தது. பவர் சப்ளையை மாற்றினாள். அணைந்தது. ராமை மாற்றினாள். அணைந்தது. பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் தடதடவென்று கட்டுக் கட்டாகத் தள்ளுகிற சமயத்தில்தான் அதிகம் அணைவதாக ஒரு தோற்றம் இருந்தது. அதையும் எழுதிவைத்தாள், ஒரு கேள்விக்குறியோடு. சாயங்காலம் கடையைப் பூட்டும்போது, தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று தோன்றியது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மாமா கடைக்கே வந்துவிட்டார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

“மச்சினிச்சி, உன் சொத்து. புதன்கிழமை எங்க வீட்லயே விட்டுட்டுப் போயிட்ட. பொட்டு இருக்கறதைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. ஊரான் சாமான் நம்ம வீட்ல இருக்கக் கூடாது, பாரு.”

பொட்டலத்துக்குள் அவளுடைய பவர் ஒயர். சிவப்புப் பொட்டோடு.

அவள் மெதுவாகத் திரும்பி மேசையில் தபால்காரரின் பெட்டிக்குப் பின்னால் சொருகியிருந்த ஒயரைப் பார்த்தாள். கருப்பு ஒயர். பொட்டு இல்லை. புதன்கிழமை அவசரத்தில் அக்காவின் ஒயரை அள்ளி வந்திருக்கிறாள். பெட்டிக்குள் சொருகும் முனையை விரலால் லேசாகத் தொட்டாள். பெட்டி அணைந்தது. கையை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள், எழுந்தது. மறுபடி தொட்டாள், அணைந்தது.

கம்பி அறுந்திருக்கவில்லை. முனைக்குள் இருக்கும் பிடிப்பு தளர்ந்திருந்தது. மீட்டர் கம்பியைத்தான் பார்க்கும், பிடிப்பைப் பார்க்காது. அக்கா மேசையின் கீழ்க்கட்டையில் காலை வைத்து ஆட்டியபடி அடிப்பவள். இவளோ அங்கே போகும்போதெல்லாம் அந்த ஒயரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் நோயைத் தேடினாள். கடைக்கு வந்தபோதும் பெட்டி மட்டும்தானே வந்தது.

“மாமா,” என்றாள். “இதைப் பிடுங்கிட்டு அங்க எதை மாட்டினீங்க?”

“கரண்ட் குக்கர் ஒயரை. ரெண்டும் ஒண்ணுதானே, மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்.”

“அது கெட்டியா நிக்குதா?”

“அதெல்லாம் பார்க்கல. எரிஞ்சுது, வந்துட்டேன்.”

கடிகாரம் ஒன்பது நாற்பதைக் காட்டியது. அவள் தன் ஒயரைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். கடையைப் பூட்டவில்லை. “அக்கா, கடை” என்று ஜெராக்ஸ்காரர் குரல் கொடுத்தார். “பார்த்துக்கோ” என்றாள்.

ஓடும் வழியில் ஆட்டோ கிடைத்தது, சந்திப்பில் மாட்டிக்கொண்டது, மாமா வேர்க்க வேர்க்க, “என்னம்மா, யாருக்கு என்ன?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாடியேறிக் கதவைத் தள்ளியபோது மணி பத்து பத்து. அக்கா ஹெட்போன் மாட்டியபடி அடித்துக்கொண்டிருந்தாள். கையை மட்டும் தூக்கி, பேசாதே என்று சைகை காட்டினாள்.

அவள் கையில் நல்ல ஒயர் இருந்தது. மாட்ட முடியாது. மாட்ட வேண்டுமானால் பெட்டியை அணைக்க வேண்டும். அணைத்தால் எல்லாம் முடிந்தது.

மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். ஒயர் முனைக்கு அருகில் விரலைக் கொண்டுபோனாள், தொடாமல் எடுத்துக்கொண்டாள். தொட்டுப் பார்க்காமல் பிடிப்பு இருக்கிறதா என்று தெரியாது. தொட்டால், இல்லாத பட்சத்தில் அணைந்துவிடும். அக்காவின் கால் கீழ்க்கட்டையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கட்டை அசைந்தது, ஒயர் அசைந்தது. அவள் கட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா குனிந்து பார்த்து, பைத்தியமா என்பது போல முறைத்துவிட்டு மறுபடி நிமிர்ந்தாள்.

மாமா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவள் கிசுகிசுத்தாள். “அந்தக் கெட்ட ஒயர் கம்ப்யூட்டருக்கு எப்படி மாமா வந்துது?”

“எது கெட்ட ஒயர்?”

“மூணு வாரமா மாட்டியிருந்தது.”

அவர் தலையைச் சொறிந்தார். “அது குக்கரோடதும்மா. குக்கர் பாதியிலயே நின்னு நின்னு போச்சு, அரிசி வேகல. உன்னை மாதிரியே ஒண்ணொண்ணா பார்த்தேன். கம்ப்யூட்டர் ஒயரை எடுத்து குக்கருக்குப் போட்டேன், சரியாப் போச்சு. சரி, இருக்கட்டும்னு குக்கர் ஒயரை இங்க மாட்டிட்டேன். நல்லாதானே எரிஞ்சுது.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. இவர் சந்தேகப்பட்டதைக் கழற்றினார். நல்லதென்று தெரிந்ததை மாட்டினார். ஓடவிட்டுப் பார்த்தார். ஒரே தடவையில் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த பழுதைக் கொண்டுபோய் அக்காவின் பெட்டியில் சொருகிவிட்டார்.

“அப்ப இன்னிக்குக் காலையில மாட்டினது?”

“குக்கர்லேருந்து எடுத்தது.”

“அதாவது கம்ப்யூட்டரோட பழைய ஒயர். நல்ல ஒயர்.”

“அப்படித்தான் வருது கணக்கு” என்றார் மாமா, தயங்கியபடி. “ஏன், தப்பா?”

தப்பில்லை. கணக்கு சரிதான். ஆனாலும் அவள் கட்டையை விடவில்லை. மூன்று வாரமாகச் சரியாக வந்த கணக்கெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவளுக்குத் தெரியும். ஒரு மணி வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை மரத்துப்போயிற்று.

ஒன்று ஐந்துக்கு அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். “முடிஞ்சுது. அடுத்த மாசத்துக்கும் சேர்த்து வேலை அனுப்பறேன்னு சொல்லிட்டாங்க.” பிறகு குனிந்து, “இப்பவாவது சொல்லு. என்னடி கோளாறு?” என்றாள்.

“ஒயர்.”

“ஒயரா? அதுக்கா என் பெட்டியைக் குடல் குடலா உருவின?”

அவள் கட்டையை விட்டாள். பெட்டியை அணைத்துவிட்டு ஒயர் முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கல் போல நின்றது. தன் பொட்டு வைத்த ஒயரை மாமாவிடம் நீட்டினாள். “குக்கருக்கு இது. இனி எதையும் மாத்தாதீங்க.”

“அப்ப மதியச் சோறு இப்பதான் வெக்கணும்” என்றார் அவர், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கெட்ட ஒயரை மூன்று துண்டாக நறுக்கினாள். தபால்காரரின் பெட்டிக்கு வேறு பொட்டு வைத்த ஒயரை மாட்டி, அதன் சொந்த ராமையும் பவர் சப்ளையையும் திரும்பப் போட்டாள். ஓடியது. ஜெராக்ஸ் மெஷின் தடதடத்தது, அப்போதும் ஓடியது.

பின்சுவரில் ‘கெட்டது’ என்று எழுதிய அலமாரித் தட்டு இருந்தது. அக்கா பெட்டியிலிருந்து முதல் வாரம் கழற்றிய பவர் சப்ளை அங்கேதான் கிடந்தது. அது கெட்டதில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பின்னால் வேறொன்று, யார் யார் பெட்டியிலிருந்தோ, எந்தெந்த வருடத்திலோ. அவர்கள் எல்லோரும் பெட்டியை மட்டும்தான் கொண்டுவந்தார்கள்.

எத்தனை என்று எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி ஊதினாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். என்ன தலைப்பு எழுதுவது என்று தெரியாமல் வெறும் தேதியை மட்டும் எழுதினாள்.